ஹைட்டி உணவகத்தில் கை நனைத்தல்

எங்கள் கல்யாணப் பேச்சுக்காக ஹைட்டி உணவகத்தில் மேசை முன்பதிவு செய்தபோது, அந்த மேசை இன்னும் மரமாகத்தான் இருந்தது.

அங்கே அது சகஜம். அவ்வளவு கூட்டம் வரும் உணவகம். போனில் பேசிய பெண், மரம் ஹைட்டியில் ஒரு மலைச்சரிவில் நிற்கிறது என்றார். மகோகனி. இடுப்பு உயரம் வந்துவிட்டது. எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டார். இரண்டு குடும்பம் என்றேன். அப்படியானால் இன்னும் கொஞ்சம் பருக்கட்டும் என்றார்.

காத்திருந்தோம். மரத்தைப் பற்றி அவ்வப்போது தகவல் வரும். ஒருமுறை அதில் ஒரு குருவி கூடு கட்டிவிட்டது, குஞ்சுகள் பறக்கும்வரை வெட்ட முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். குடும்பம் என்று வந்துவிட்டால் அவசரப்படக் கூடாது என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போன இடத்தில், பேச்சு முடியும்வரை பெரியவர்கள் யாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இதற்குக் கை நனைப்பது என்று பெயர். நனைத்தபிறகு பேச்சை மாற்ற முடியாது.

என் அப்பா சிதம்பரநாதன் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த தணிகையின் அப்பா மயில்வாகனன் குடைக்கடை வைத்திருப்பவர். ஒருவர் ஊருக்கே தண்ணீர் விட்டவர். இன்னொருவர் ஊரையே நனையாமல் பார்த்துக்கொண்டவர். யார் வீட்டில் யார் முதலில் கை நனைப்பது என்பதில் இருவரும் கையை உலர்வாகவே வைத்திருந்தார்கள்.

அதனால் சாப்பாடே இல்லாத இடங்களாகப் பார்த்துச் சந்தித்தோம். டயர் கடையில் பேசினோம். பத்திரப்பதிவு அலுவலக வாசலில் பேசினோம். ஒருமுறை பல் ஆஸ்பத்திரியில் பேசினோம். அங்கே வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மயில்வாகனன் கொப்பளிக்க மறுத்து எழுந்து வந்துவிட்டார். கடைவாய்ப் பல்லில் பாதி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

யார் வீடும் இல்லாத ஒரு பொதுமேசையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை நனைக்கட்டும் என்று யோசனை சொன்னது நான்தான். அப்படி ஒரு மேசைக்குத்தான் மரம் வளர்ந்துகொண்டிருந்தது.

மேசை தயார் என்று செய்தி வந்த அன்று காலை, அப்பா சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். இதுதான் கடைசி. இன்றைக்கு முடியவில்லை என்றால், நாளைக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பூட்டுக்கடைக் குடும்பம் பெண் பார்க்க வருகிறது. அவர்கள் எங்கே போனாலும் உட்காருவதற்கு முன்பே கை நனைத்துவிடுவார்களாம். பஸ்ஸிலேயே நனைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்றும் பேச்சு.

எனக்குத் தணிகைதான் வேண்டும். அவனை ஒரு மழை நாளில் சந்தித்தேன். குடை வாங்கப் போயிருந்தேன். எனக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கேட்டேன். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். மழை விட்டு, வெயில் வந்து, வேறு மழை தொடங்கியபிறகு ஓடி வந்து பச்சை என்றான். குடை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க என் வீடுவரை கூடவே நடந்தான். பாதிக் குடைக்கு வெளியே நனைந்துகொண்டே வந்தான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அவன் எதையும் அப்பாவைக் கேட்டுத்தான் செய்வான். தும்மல் வந்தால்கூட ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவான். அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

உணவகம் மாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. படிகள் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தன. ஏற ஏறப் புதிதாக முளைத்தன. வரிசை படிக்கட்டில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, அந்த வீட்டுச் சமையலறையைக் கடந்து மறுபடி படிக்கட்டுக்கு வந்தது. அந்த வீட்டு அம்மாளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அடுப்பில் சாம்பார் இருக்கிறது, கொஞ்சம் கிளறிக்கொண்டிருங்கள் என்று என் அம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு மகளைக் கூப்பிடப் போனார். எங்கள் முறை வரும்வரை அம்மா கிளறினாள். உப்புப் பார்க்கவில்லை. வழக்கம் அப்படி.

எங்களுக்கு முன்னால் மயில்வாகனனும், தணிகையும், அவன் அம்மா பூரணமும் நின்றார்கள். மயில்வாகனன் கையில் பெரிய கறுப்புக் குடை. உள்ளே போகும் இடங்களுக்கும் அவர் குடையோடுதான் போவார். எங்கள் பக்கம் அம்மா, அப்பா, நான், அம்மாவின் அண்ணன் ஆவுடையப்பன் மாமா. மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லாருடைய கல்யாணத்திலும் அபிப்பிராயம் சொல்வார்.

உணவகத்தின் கதவு மூடியிருந்தது. அதன் எதிரே சின்ன வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அவள்தான் மதாம் ரோஸ்லீன், உணவகத்தை நடத்துகிறவள். போனில் பேசியவளும் அவள்தான். இருபது வயது இருக்கும்.

அவர்கள் நாட்டில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் வாசலில் நின்று 'ஒனே' என்று குரல் கொடுக்க வேண்டுமாம். மரியாதையோடு வந்திருக்கிறேன் என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் 'ரெஸ்பே' என்று பதில் சொல்வார். மரியாதையோடு வா என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கதவு கதவாகும், அதுவரை வெறும் சுவர்தான் என்றாள். தொட்டுப் பார்த்தேன். சுவர்தான்.

இரண்டு அப்பாக்களில் யார் முதலில் மரியாதை கொடுப்பது என்ற கேள்வி வந்தது.

நீங்கள் சொல்லுங்கள் என்றார் அப்பா. பெரியவர் நீங்கள் சொல்லுங்கள் என்றார் மயில்வாகனன். நான் ஒன்றும் அவ்வளவு பெரியவன் இல்லை என்றார் அப்பா. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு பையனுக்கு மீசை வந்தது. அவன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "ஒனே, ஒனே, போதுமா" என்று கத்தினார்.

உள்ளேயிருந்து 'ரெஸ்பே' என்று பல குரல்கள் கேட்டன. சுவரில் தாழ்ப்பாள் முளைத்தது. மாமா முதல் ஆளாக உள்ளே போனார்.

அப்போது ரோஸ்லீன் அப்பாவை ஓரமாக அழைத்து, காதில் விலையைச் சொன்னாள். அங்கே பணம் வாங்குவதில்லை. அவ்வளவு விலை உயர்ந்த இடம். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் விலை சொல்லப்படும், அதுவும் பெண் வீட்டாருக்கு. அப்பா கேட்டுவிட்டு மாமா போன திசையைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். சரிம்மா என்றார்.

அடுத்ததாக ரோஸ்லீன் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டாள்.

"சாப்பிடுறீங்களாண்ணே?"

"வேணாம்மா. இப்பதான் சாப்பிட்டுட்டு வர்றோம்" என்றார் அப்பா.

"நாங்களும்தான்" என்றார் மயில்வாகனன்.

யார் வீட்டு வாசலில் யார் கேட்டாலும் எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். பட்டினியாக இருந்தாலும் சொல்வார்கள். மறுபடி கேட்பார்கள், மறுபடி வேண்டாம் என்பார்கள், மூன்றாவது முறை கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். ரோஸ்லீன் மறுபடி கேட்கவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

"சாப்பிட்டவங்க வந்திருக்காங்க. மேசையைக் காட்டுங்க."

இரண்டு அப்பாக்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல்முறை. அது தப்பான விஷயமாகப் போய்விட்டது.

மேசை நன்றாக இருந்தது. ஒரு பக்கம் இன்னும் பட்டை உரியாமல் இருந்தது. அடியில் குருவிக்கூடு அப்படியே இருந்தது. கால் நீட்டினால் முட்டியது. உட்கார்ந்தபிறகுதான் மாமாவைக் காணோம் என்பது தெரிந்தது.

அம்மா மேலே பார்த்தாள். மாமா சுற்றிக்கொண்டிருந்தார்.

மின்விசிறியாகியிருந்தார். நல்ல பித்தளை மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அவர் முழங்கால் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள். அவள் அண்ணனை அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே, சௌரியமா இருக்கா?" என்று கேட்டாள்.

மாமா மெதுவாகச் சுற்றும்போது மட்டும்தான் பேச முடிந்தது. அம்மா சுவரிலிருந்த விசையைக் குறைத்தாள். இங்கிருந்து எல்லாருடைய தலையும் தெரிகிறது, மாப்பிள்ளைக்கு உச்சியில் முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது என்றார் மாமா. பூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வேகத்தைக் கூட்டினாள்.

அப்பா மேலே பார்க்கவே இல்லை.

முதலில் பல்குத்தும் குச்சி வந்தது.

கொண்டு வந்தது ரோஸ்லீன்தான். ஆனால் நாற்பது வயது ஆகியிருந்தது. மேசை மேலேயிருந்த துணியை உதறி மடித்தாள். பிறகு ஆளுக்கொரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தாள். எலுமிச்சைத் துண்டு மிதந்தது.

கை கழுவுகிற கிண்ணம். அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். மயில்வாகனன் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டார். சாப்பிடாமலே கை கழுவினால் அது கை நனைத்ததாகுமா என்று பேச்சு வந்தது. ஆகும் என்றார் பூரணம். ஆகாது என்றாள் அம்மா. தண்ணீர் ஆறிப்போயிற்று.

ஏன் முதலிலேயே கை கழுவச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க அப்பாதான் சாப்பிட்டாச்சுன்னு சொன்னாரே தங்கச்சி" என்றாள் ரோஸ்லீன். "சாப்பிட்டவங்களுக்கு நாங்க கடைசியிலேருந்துதான் ஆரம்பிப்போம்."

அடுத்து எச்சில் தட்டுகள் வந்தன.

எல்லாம் எங்களுடைய தட்டுகள்தான். யாருடையது யாருக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டிப் பொரித்த வாழைக்காயின் துணுக்குகள் கிடந்தன. கறுப்புக் காளான் போட்டுச் சமைத்த சோறு ஒட்டிக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸையும் காரமிளகாயையும் காடியில் ஊறவைத்த ஊறுகாய், அதற்குப் பிக்லீஸ் என்று பெயர், அதன் காரத்தில் நாங்கள் இன்னும் சாப்பிடாமலே எல்லாருக்கும் மூக்கு ஒழுகியது. நடுவில் ஒரு பெரிய சங்கு காலியாகக் கிடந்தது. உள்ளிருந்த கறியை நாங்கள் சாப்பிட்டிருந்தோம்.

நல்ல காரியம் பேச வந்த இடத்தில் சங்கா என்று பூரணம் மெதுவாகச் சொன்னார். அதை அவர்தான் அதிகம் சாப்பிட்டிருந்தார் என்பது தட்டைப் பார்த்தாலே தெரிந்தது.

மயில்வாகனனின் தட்டில் மிளகாய்கள் மட்டும் ஓரமாக வரிசையாக ஒதுக்கப்பட்டிருந்தன. அவர் வீட்டிலும் அப்படித்தான் ஒதுக்குவார் என்று தணிகை என்னிடம் சொல்லியிருக்கிறான். அப்பாவின் தட்டு பளபளவென்று இருந்தது. ஒரு விரல் வட்டமாக வழித்துவிட்டுப் போன தடம் தெரிந்தது.

அம்மா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்ல ஒருநாளாவது இப்படி வழிச்சுச் சாப்பிட்டிருக்கீங்களா?" என்றாள்.

"நான் சாப்பிடலை கோமதி."

"தட்டு சொல்லுதே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு அப்பாக்களும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். சாட்சி எதிரே இருக்கிறது. அப்படியானால் சம்பந்தம் முடிந்ததுதானே என்று கேட்டேன்.

அப்பா தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்து நீட்டினார். காய்ந்திருந்தன. சாப்பிட்ட கை இப்படியா இருக்கும் என்று கேட்டார். மயில்வாகனன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மைதான், காய்ந்திருக்கிறது என்றார். பிறகு தன் கைகளை நீட்டினார். அப்பா ஒவ்வொரு விரலாகப் பார்த்து, இதுவும் காய்ந்திருக்கிறது என்றார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு ஞாபகம் வந்து விட்டுவிட்டார்கள்.

எச்சில் தட்டுகளை எடுத்துப்போய்ச் சுத்தமான தட்டுகளை வைத்தார்கள். அதற்குப் பிறகு அவற்றையும் எடுத்துப்போய்விட்டார்கள். சாப்பாடு அதன் ஆரம்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்தது சூப் மட்டும்தான். சூப்போடு எல்லாம் ஆரம்பித்துவிடும். ஆரம்பித்துவிட்டால் எழுந்து போக வேண்டியதுதான். இந்த உணவகத்துக்கு யாரும் இரண்டாவது முறை வர முடியாது. அதற்கான மரங்கள் இல்லை.

தணிகையைப் பார்த்தேன். அவன் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரோஸ்லீன் வந்தார். இப்போது வயதாகிவிட்டது. முடி முழுக்க வெள்ளை. நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களோடு உட்கார்ந்தார். இந்த உணவகத்தில் நின்றே கால் போய்விட்டது என்றார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். இருக்கட்டும் என்றார்.

அது பரங்கிக்காய் சூப். அதைப் பற்றி அவர் சொல்லத்தான் உட்கார்ந்தார். அவர்கள் நாட்டில் ஒரு காலத்தில் எல்லாரும் அடிமைகளாக இருந்தார்களாம். இந்தச் சூப்பைச் செய்கிற கைகள் அதைக் குடிக்கக் கூடாது. எசமான்களுக்குத்தான். பிறகு ஒரு ஜனவரி முதல் தேதி நாட்டுக்கு விடுதலை கிடைத்தது. அன்றிலிருந்து வருஷம் பிறந்தால் வீட்டுக்கு வீடு இதைத்தான் குடிக்கிறார்கள். அதனால் இன்னொருவர் அனுமதியில் வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தச் சூப் வராது. வந்தாலும் பானையிலிருந்து இறங்காது என்றார்.

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார்.

"நீங்க யாரைக் கேட்டுக்கிட்டு வந்தீங்கண்ணே?"

அப்பா, வீட்டில் இவளைக் கேட்டேன் என்றார். அம்மா, அண்ணனைக் கேட்டேன் என்றாள். விசையைக் குறைத்து மாமாவைக் கேட்டோம். மச்சானைக் கேட்டேன் என்றார் மாமா, அப்பாவைக் காட்ட முடியாமல் சுற்றிக்கொண்டே. பூரணம் கணவரைக் கேட்டிருந்தார். மயில்வாகனன் யோசித்துவிட்டு, வெளியே கிளம்பும்போது வானத்தைக் கேட்பேன், அதன்படிதான் நடப்பேன் என்றார். நேர்மையான பதில்தான். ரோஸ்லீன் தலையை ஆட்டினார். பானை வரவில்லை.

என்னைக் கேட்டார்.

"யாரையும் கேட்கலை" என்றேன். "மரம் வளர்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

கடைசியாகத் தணிகை. அவன் வழக்கம்போல அப்பா பக்கம் திரும்பினான். மயில்வாகனன் சூப் வருமா வராதா என்று சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகை காத்திருந்தான். நாளைக்கு வரப்போகும் பூட்டுக்கடைக்காரர்களின் ஈரமான கைகள் ஞாபகம் வந்தன. மேசைக்கு அடியில் குருவிக்கூட்டில் ஏதோ அசைந்தது.

தணிகை திரும்பி என்னைப் பார்த்தான்.

"நானாத்தான் வந்தேன்" என்றான். "அப்பாதான் என்கூட வந்திருக்கார்."

சொல்லிவிட்டுத் தும்மினான். யாரையும் பார்க்காமல் தும்மினான்.

பானை வந்தது.

பெரிய பானை. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து மேசை நடுவில் வைத்தார்கள். மஞ்சளாக ஆவி பறந்தது. எனக்கும் தணிகைக்கும் மட்டும் ஸ்பூன் கொடுத்தார்கள். மற்றவர்கள் வாசம் பிடிக்கலாம்.

ஸ்பூனைப் பார்த்ததும் இரண்டு அப்பாக்களுக்கும் மூச்சு வந்தது. ஸ்பூனில் குடித்தால் கை நனையாது, அதனால் கணக்கில் வராது என்றார் அப்பா. நானும் அதைத்தான் நினைத்தேன் என்றார் மயில்வாகனன். அதிலும் ஒத்துப்போனார்கள்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வலது கையைப் பானைக்குள் மணிக்கட்டுவரை விட்டேன்.

நல்ல சூடு.

தணிகை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். அவனும் விட்டான். உள்ளே ஒரு உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் அவன் விரல்கள் என் விரல்களைக் கண்டுபிடித்தன. முட்டைக்கோஸ் இலை ஒன்று எங்கள் இருவர் கையையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அப்படியே இருந்தோம். வெளியே எடுக்க மனம் வரவில்லை. எடுத்தபோது கைகள் மஞ்சளாக இருந்தன.

பூரணம் என் கையைப் பார்த்தார். நலங்கு வைத்தமாதிரி இருக்கிறது என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

பிள்ளைகள் நனைத்தால் ஆகாது, பெரியவர்கள்தான் நனைக்க வேண்டும் என்றார் அப்பா. ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. அவர் மூக்கு பானை இருந்த திசையில் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவள் என் கையை மட்டும்தான் பார்த்தாள். சிவந்துபோயிருந்தது. ஓடிப்போய் விசையைக் கடைசிவரை திருப்பினாள்.

"அண்ணே, கொஞ்சம் வேகமா சுத்துங்க. பிள்ளைக்குக் கை எரியுது."

மாமா சுற்றினார். தங்கை சொல்லி அவர் எதையும் செய்யாமல் இருந்ததில்லை. முழங்கால் சத்தம் ஒரே சத்தமாகிவிட்டது. பானையின் ஆவி மேலே இழுக்கப்பட்டது. கூரைக்குக் கீழே மஞ்சளாகத் திரண்டது. மாமா மறைந்துபோனார். கொஞ்சம் இருட்டியது.

அப்பா அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்தார்.

"மேகம்" என்றார். வாரியத்தில் இருந்தவருக்குத் தெரியும்.

பரங்கிக்காய் சூப் மழையாகப் பெய்யத் தொடங்கியது.

மயில்வாகனன் யோசிக்கவில்லை. குடையை விரித்தார். அது அவர் கையின் பழக்கம். விரித்தபிறகு பக்கத்தில் பார்த்தார். அப்பா தோளில் சூப் சொட்டச் சொட்ட அசையாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. வழுக்கையில் ஒரு கேரட் துண்டு விழுந்தது.

மயில்வாகனனின் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. ஒரு மனிதன் கண்ணெதிரே நனைவதை அவர் பார்த்ததே இல்லை. அவர் கடைக்கு எதிரே அப்படி நடக்காது. நாற்காலியோடு நகர்ந்து வந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக் குடைக்குள் இழுத்தார்.

"உள்ள வாங்க சம்பந்தி, நனையிறீங்க பாருங்க" என்றார்.

அந்த வார்த்தையை அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் கவனித்தோம். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவார் என்று பயமாக இருந்தது.

இரண்டு அப்பாக்களும் ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். குடையின் மேல் தாளம்போட்டு மழை பெய்தது. பிறகு மழை நின்றுவிட்டதா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. குடைக்குள் இருக்கிற யாருக்கும் வரும் சந்தேகம்தான். யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்.

வலது கையை வெளியே நீட்டினார்.

உள்ளங்கை நிறைந்தது.

உள்ளே இழுத்துப் பார்த்தார். மேசையில் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா கையை முகர்ந்தார். என்னைப் பார்த்தார். என் மஞ்சள் கையைப் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாதவர்போல, உள்ளங்கையிலிருந்ததை உறிஞ்சிக் குடித்தார். ஒரு விரலால் வட்டமாக வழித்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"அப்படியா?" என்று மயில்வாகனன் கையை நீட்டினார். பிடித்தார். குடித்தார். கடைவாய்ப் பல்லில் பட்டு ஒருகணம் முகம் சுளித்தார். "சரியாத்தான் இருக்கு."

"தூக்கல்ங்கிறேன்."

"உங்களுக்கு நாக்கு சரியில்லை சம்பந்தி."

சண்டை பிடித்துக்கொண்டார்கள். உப்பு பற்றி, உப்பிலிருந்து மண்டபம் பற்றி, மண்டபத்திலிருந்து யார் பக்கத்துச் சமையல்காரர் என்பது பற்றி. பூரணமும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி இந்தச் சண்டை ஓயாது என்று அவர்களுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் தலையில் விழுந்த சூப்பைத் துடைத்தபடி மேசையைச் சுற்றி வந்து பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அப்போது சாம்பார் வீட்டு அம்மாள் கரண்டியைத் திரும்ப வாங்க வந்தார். அம்மா அதைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து ஒரு பூட்டுக்கடைக் குடும்பத்தார் ஒருநாள் முன்னதாகவே வந்து வரிசையில் நின்றார்களாம். சமையலறை வழியாகப் போகும்போதே சாம்பாரில் கை நனைத்துவிட்டார்களாம். தன் மகளுக்குச் சம்பந்தம் அதோடு முடிந்துவிட்டது என்றார். சாம்பாரில் உப்பே இல்லை, இருந்தும் நல்ல மனிதர்கள், ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

மழை விட்டது. மேகம் கலைந்தது. மாமா மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். இறங்கி வருகிறீர்களா அண்ணே என்று அம்மா கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமாவே பதில் சொன்னார். காற்று நன்றாக வருகிறது, தினம் கல்யாணப் பேச்சு நடக்கிற இடம், எல்லாருக்கும் அபிப்பிராயம் சொல்லலாம், ஜனவரியில் வந்து வாசலில் நின்று கூப்பிடுங்கள் என்றார். உள்ளே வர முடியாதே என்றாள் அம்மா. குரல் வரும், அது போதும் என்றார் மாமா. அம்மா புடவைத் தலைப்பால் அவர் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

எழுந்துகொள்ளும்போது தணிகை என்னிடம் கேட்டான். இன்றைக்கு உனக்கு எந்த நிறம் பொருந்தும் தெரியுமா என்றான். யாரைக் கேட்டுச் சொல்லப்போகிறாய் என்றேன். மஞ்சள் என்றான்.

அவன் கை மேசையில் எதிலோ பட்டது. குனிந்து பார்த்தோம். பட்டை உரியாத பக்கத்தில், சூப்பில் நனைந்த இடத்தில், ஒரு துளிர் விட்டிருந்தது. இரண்டு சின்ன இலைகள். தணிகை தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான்.

"அதைத் தொடாதீங்க தம்பி" என்றார் ரோஸ்லீன். அவருக்கு மறுபடி இருபது வயதாகியிருந்தது. அடுத்த வரிசைக்குக் கதவைத் திறக்கப் போய்க்கொண்டிருந்தார். "உங்க பேத்தி கல்யாணப் பேச்சுக்கு அது புக் ஆயிருக்கு. எத்தனை பேர்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."